வழியில் ஒரு புல்முடிச்சு

குருமடத்தில் நம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் தென்மாவட்டப் பங்கொன்றில் பணியாற்றி வருகிறார். சென்ற ஆண்டு அவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. தம் பங்கு மக்கள் நாற்பது பேருடன் பேருந்தில் வடக்கே சுற்றுலா வருவதாகவும், கலசப்பாக்கம் பகுதியில் ஒரு நாள் தங்க எண்ணியிருப்பதாகவும் எழுதிவிட்டு, இறுதியில் ஒரு வினாவையும் தொடுத்திருந்தார்: "உங்கள் ஊர்ப் பக்கம் கண்டு மகிழ்வதற்கு என்ன இருக்கிறது?"

எளிய வினாதான். எனினும் உடனே விடையெழுத நமக்குக் கை வரவில்லை. பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் அன்பரிடம் அதே வினாவைக் கேட்டுப் பார்த்தோம். "இங்க என்னங்க ஃபாதர் இருக்குது? திருவண்ணாமலைக்குப் போவச் சொல்லுங்க" என்றார் அவர். தம் ஊரைப் பற்றி அவர் இழிவாக எண்ணிச் சொன்னதன்று. பெரிய கோபுரமோ, கடற்கரையோ, அருங்காட்சியகமோ இல்லாத ஊரில் விருந்தினர்க்குக் காட்ட ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம் அனைவரிடமும் வேரூன்றிவிட்டது.

ஆனால் இதே வினாவுக்கு இதே மண்ணைப் பற்றி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் விடை எழுதியிருக்கிறார். அதுவும் 583 அடிகளில்! பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாமே அந்நூல். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனைப் பாடியது அது. அந்தச் செங்கண்மாவே இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தையும் கலசப்பாக்கத்தையும் தொட்டு ஓடும் நம் செய்யாறு. அதில் புகழப்படும் நவிரமலை, கலசப்பாக்கத்திற்கு மேற்கே கடலாடிக்கும் தென்மாதிமங்கலத்திற்கும் அருகில் நிமிர்ந்து நிற்கும் பருவதமலையே என்பர் அறிஞர். ஓலைச்சுவடிகளில் உறங்கிக் கிடந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பதிப்பித்ததால், இப்பாட்டு இன்று பள்ளி மாணவர் கையிலும் இருக்கிறது. ஆயினும் அம்மலையின் அடிவாரத்தில் வாழும் நாம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மலைபடுகடாம் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்தைக் கண்டு, தான் நடந்து வந்த வழியை அவர்களுக்கு எடுத்துரைக்கிறான். அவன் உரைப்பதைச் சற்றுச் செவிமடுப்போம். மலைச்சிற்றூர்களில் நெய்யில் வெந்த ஊனோடு தினைச்சோறு கிடைக்குமாம். மூங்கிலரிசியும் மலைநெல்லின் அரிசியும் அவரை விதையும் கூட்டிப் புளி கரைத்த கூழும் கிடைக்குமாம். முல்லை நிலத்தில் ஆயர் பால் தருவர். ஆற்றோர வயல்களை அடைந்தால் மீனும் வெண்சோறும் உண்டு. நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும். சொந்த வீட்டில் நுழைவதுபோல் எவ்வீட்டிலும் நுழையலாம்.

இன்பங்களை மட்டும் அவன் அடுக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் பாய்ந்து வரும் இடம், வழுக்கும் பாறை, மலைப்பாம்பு கிடக்கும் பள்ளம் ஆகியவற்றையும் சொல்லி எச்சரிக்கிறான். போரில் மாண்ட வீரர்க்கு நட்ட கற்கள் வழியில் எதிர்ப்பட்டால் யாழை இசைத்துவிட்டுப் போகுமாறு பணிக்கிறான். மலையில் எழும் ஓசைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்கிறான். அருவியின் முழக்கம் அங்கே உண்டு. புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் மார்புப் புண் ஆறும்பொருட்டு மனைவி பாடும் பாட்டு உண்டு. மலைப்பிளவில் விழுந்த குட்டிக்காகத் தாய்க்குரங்கு எழுப்பும் அழுகுரல் உண்டு. தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் உண்டு. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் பல்வகை ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் கொண்டே பாட்டிற்கு அப்பெயர் வாய்த்தது. கண்டு மகிழ்வதற்கென்று வந்தவனை அந்தப் புலவர் காது கொடுத்துக் கேட்கவும் வைக்கிறார். அங்கு வாழ்வோரின் அழுகையும் அந்த ஓசைகளில் அடங்கும்.

இவற்றுக்கெல்லாம் இடையில் நம் நெஞ்சைத் தொட்ட அறிவுரை ஒன்று உண்டு. வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தால், சரியான வழி எதுவென்று கண்டுகொண்டபின், அந்தச் சந்தியைத் துடைத்துச் செம்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுப் போகும்படி கூறுகிறான் கூத்தன். பின்னால் வரும் புதியவர் வழி தவறாதிருக்க வேண்டும் என்பது கருத்து. பசியோடும் களைப்போடும் நடக்கும் ஓர் ஏழைக் கூட்டத்திடம், தனக்குப்பின் வரப்போகும் முகமறியாத மனிதனையும் நினைத்துக்கொள் என்று சொல்வதைவிட உயர்ந்த வழிப்பயண அறம் வேறு இருக்க முடியுமா?

அந்தப் புல்முடிச்சை மனத்தில் கொண்டு இப்பகுதியை மீண்டும் ஒரு முறை சுற்றிப் பார்த்தோம். முதலில் நம் கண்ணில் பட்டது செய்யாற்று மணல். ஆண்டின் பெரும்பகுதி நீரற்றுக் கிடக்கும் இந்த ஆற்றுக்குத் தை மாதத்து ரதசப்தமி நாளில் ஒரு விருந்தினர் வருகிறார். திருவண்ணாமலை அண்ணாமலையாரின் திருவுருவை அன்பர்கள் தீர்த்தவாரிக்காகக் கலசப்பாக்கத்திற்குக் கொண்டு வருகின்றனர். இவ்வூர்த் திருமாமுடீசுவரர் ஆற்றுக்கு எழுந்தருளி அவரை எதிர்கொண்டு அழைப்பது வழக்கம். சமய வேறுபாடு கருதாமல் பார்த்தாலும் இது உள்ளம் கவரும் காட்சி. பெரிய ஊரின் இறைவன் சிற்றூருக்கு விருந்தாக வருகிறார். சிற்றூரின் இறைவன் வாயிலில் காத்திராமல் ஆற்றுவரை நடந்து சென்று வரவேற்கிறார். மம்ரே மரங்களின் அருகே, வெயிலேறும் வேளையில், அறியாத மூவரைக் கண்டதும் கூடாரத்தை விட்டு ஓடிச்சென்று எதிர்கொண்ட ஆபிரகாமை நம் மக்கள் அறிவர். விருந்தோம்பல் என்பது வாயிற்படியைக் கடந்து செல்வது என்பதை இந்த மணலும் சொல்கிறது.

போளூரை அடுத்து வடமாதிமங்கலத்தின் அருகில் திருமலை இருக்கிறது. அங்கே பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் உயர்ந்து நிற்கிறார். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை சினாலயமும், குகைகளில் சமணர் தீட்டிய ஓவியங்களும் அங்குண்டு. வரலாற்று மாணவர் அவ்விடத்தை நாடுவது முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற பாறைக் கல்வெட்டுக்காக. கங்கைவரை சென்ற படையின் வெற்றிகளை அது வரிசைப்படுத்துகிறது. நாடுகளின் பெயர்களும் தோற்ற மன்னர்களின் பெயர்களும் நீண்டுகொண்டே போகின்றன. இத்தனையும் எதற்கு முன்னுரை? வணிகர் ஒருவரின் மனைவியாகிய சாமுண்டப்பை என்ற பெண், இக்கோயிலில் விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் காசு கொடுத்தார் என்ற சிறு செய்திக்கு! பேரரசன் வென்ற நாடுகள் கைமாறிவிட்டன. அந்தப் பேரரசும் மறைந்தது. அந்தப் பெண் ஏற்றிய விளக்கின் செய்தி மட்டும் ஆயிரம் ஆண்டு கடந்து அவ்வழியில் வருவோர்க்கு ஒளி காட்டுகிறது. இதுவும் ஒரு புல்முடிச்சே என்று எண்ணிக்கொண்டோம்.

வந்தவர் எல்லாரும் இத்தகையோராய் இருந்தனரா என்றால் இல்லை. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணிக் கோட்டைக்கு வேறு வகை விருந்தினர் வந்தனர். 1751ஆம் ஆண்டு ஆர்க்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கிளைவு, ராசா சாகிபின் படையையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் விரட்டி வந்து டிசம்பர் 3ஆம் நாள் இங்கே போரிட்டார். 1782ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் ஆரணியில் மோதினர். அதே டிசம்பரில் ஐதர் இறந்தார். அடுத்த ஏப்ரலில் கூட்டும் மாண்டார். அவர்கள் யாருக்காகப் போரிட்டனரோ அவர்களும் இன்று இல்லை. மராத்தியர் காலத்தில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஆரணி ஜாகீரும் மறைந்துவிட்டது. ஜாகீர்தார் பூசிமலைக்குப்பத்துக் காட்டினுள் எழுப்பிய மாளிகை, கூரையிழந்து, வேர்கள் படர்ந்து நிற்கிறது. அதைக் காணச் செல்லும் இளைஞர்கள் தங்கள் பெயர்களைச் சுவரில் கீறிவிட்டுத் திரும்புகின்றனர்.

பெயரைக் கீறிவிட்டு வருவதும் புல்லை முடிந்துவிட்டு வருவதும் ஒன்றுபோல் தோன்றலாம். இரண்டும் வழிப்போக்கன் விட்டுச்செல்லும் அடையாளங்களே. ஆனால் முன்னது, "நான் இங்கு வந்தேன்" என்கிறது. பின்னது, "நீ இப்படிப் போ" என்கிறது.

இவ்விடத்தில் கடல் கடந்த நகரம் ஒன்றை நினைவு கூர்வது பொருத்தமாகும். மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, உலகின் பெரும்பகுதியைச் சுற்றியவர். இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்கு வந்து, சுல்தான் ஆட்சியிலிருந்த மதுரையையும் கண்டவர். மதுரையில் அப்போது கொள்ளைநோய் மக்களை மாய்த்துக்கொண்டிருந்ததையும் அவர் குறித்துள்ளார். இறுதியில் அவர் தம் நாட்டு ஃபெஸ் நகரை அடைந்து, சுல்தான் அபூ இனானின் விருப்பப்படி தம் நினைவுகளை இப்னு ஜுசை என்ற எழுத்தாளரிடம் சொல்லச் சொல்ல, 1355இல் அந்நூல் முற்றுப்பெற்றது. பின்வருவோர்க்காக முடிந்து வைத்த மாபெரும் புல்முடிச்சு அது.

அந்த ஃபெஸ் நகரம் இன்றும் சுற்றுலாப் பயணிகளின் விருப்பத்திற்குரியதாய் விளங்குகிறது. 859ஆம் ஆண்டு ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவினார் எனப் போற்றப்படும் கரவிய்யீன் கல்விக்கூடமும் பள்ளிவாசலும் அங்குள்ளன. 1981இல் அதன் பழைய நகரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மோட்டார் வண்டி நுழைய முடியாத குறுகிய சந்துகளில் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சுமை ஏற்றிச் செல்கின்றன. ஓட்டுபவர் "பாலக், பாலக்" என்று கூவினால் பயணிகள் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். செம்புக் கொட்டுவோர், மரம் செதுக்குவோர், பட்டும் சரிகையும் நெய்வோர் எனத் தொழில் வாரியாகத் தெருக்கள் உள்ளன.

அங்கு எல்லாரும் காணச் செல்வது தோல் பதனிடும் களம். சுற்றியுள்ள கடைகளின் மேல்மாடியில் பயணிகள் நின்று பார்க்கின்றனர். கீழே வட்ட வட்டமான தொட்டிகளில், முழங்கால்வரை சுண்ணாம்பு நீரிலும் புறா எச்சம் கலந்த நீரிலும் சாய நீரிலும் நின்று தொழிலாளர் தோலை மிதிக்கின்றனர். நாற்றம் தாங்காது என்பதால் மாடியேறும் ஒவ்வொரு பயணியின் கையிலும் ஒரு கொத்துப் புதினா தருவார்கள். அதை மூக்கில் வைத்துக்கொண்டு, அந்த வண்ணங்களைப் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்புகின்றனர். மேலே நிற்பவனின் மூக்கில் புதினா. கீழே நிற்பவனின் காலில் சுண்ணாம்பு. இதை முதலில் படித்தபோது அந்தப் பயணிகள்மேல் நமக்குச் சினம் பிறந்தது. பின்னர் நம் கையிலும் அந்தப் புதினாக் கொத்து ஒருநாள் இருந்ததை நினைத்தபோது சினம் அடங்கிற்று.

இப்பகுதிக்குப் பணிமாற்றம் பெற்று வந்த முதல் ஆண்டில் அது நிகழ்ந்தது. அன்னை மரியாவின் பிறப்பு விழாவுக்குச் சுரூபத்திற்குப் பட்டுச்சேலை சாத்த வேண்டும் என்று பங்கின் மகளிர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தனர். அவர்களுடன் ஆரணி சென்று, கடையொன்றில் நாமே முன்நின்று பேரம் பேசினோம். கோயிலுக்கு என்றும் மாதாவுக்கு என்றும் சொல்லி விலையை நன்றாகக் குறைத்துவிட்ட பெருமிதத்தோடு வெளியே வந்தோம். உடன் வந்த பெண்மணி ஒருவர், தமக்குத் தெரிந்த நெசவாளர் வீடு அடுத்த தெருவில் இருப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்றார்.

தாழ்ந்த கூரையின் கீழ்க் குழித்தறி. குழியில் கால்களை இறக்கி, அறுபதைக் கடந்த முதியவர் ஒருவர் மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி திண்ணையில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு எழுந்து, "வாங்க ஐயா" என்று பாயை விரித்தார், மோர் வந்தது. நாம் வாங்கிய சேலையைக் கையில் வாங்கி, இரு விரலால் கரையைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலைங்க. ரெண்டு பேரு பத்துப் பன்னெண்டு நாளு ஒக்காந்திருப்பாங்க" என்றார். விலை என்ன என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூட நமக்கு அத்துணை வெட்கமாய் இருந்திராது.

அன்று அவர் புதுப் பாவு ஏற்றும் முறையையும் காட்டினார். பழைய பாவு முடியும் தறுவாயில் அதன் நுனியை வெட்டி எறிவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். ஆயிரக்கணக்கான இழைகள்! "பழைய நுனி இல்லன்னா அச்சுல மொதல்லேருந்து கோக்கணும் ஐயா. அது பெரிய பாடு" என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டோம். மகன் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போவதாகச் சொன்னார். "மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறும். முதுகு போயிடும். அவனைக் குத்தம் சொல்ல முடியுங்களா?" என்று சிரித்தார். அந்தத் தெருவில் தறியோசை கேட்ட வீடுகளை நாம் திரும்பும்போது எண்ணிப் பார்த்தோம். ஓசையற்ற வீடுகளே மிகுதி.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பெயரைக் காக்கவும் துணியைக் காக்கவும் வழிகள் உண்டு. அந்தப் பழைய நுனியைப் பிணைக்கத் தெரிந்த விரல்களைக் காப்பது யார்? ஆரணியில் நெய்வோருள், பல தலைமுறைகளுக்குமுன் குசராத்திலிருந்து புலம்பெயர்ந்து வந்த சௌராட்டிர மக்களும் உள்ளனர். விருந்தினராய் வந்தவர்கள் இந்த மண்ணின் வீட்டுக்காரராய் மாறிவிட்டனர். அடுத்த தலைமுறையோ, தன் சொந்தத் தறிக்கே விருந்தினனாய் மாறிக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் மனத்தில் ஓட, நண்பருக்கு விடை எழுதினோம். மலைபடுகடாத்தின் கூத்தனைப்போல் எழுத நமக்கு ஆற்றல் இல்லை. ஆனால் அவன் முறையைப் பின்பற்ற முயன்றோம். தை மாதத்தில் வாருங்கள்; வெயில் தாழ்ந்திருக்கும். ரதசப்தமியன்று வந்தால் ஆற்று மணலில் விருந்தோம்பலைக் காணலாம். பருவதமலை ஏற விரும்பும் இளைஞர் விடியுமுன் புறப்படட்டும். தண்ணீர் சுமந்து செல்லட்டும். மேலே கடப்பாறைப் படிகள் செங்குத்தானவை. முதியோரை அடிவாரத்தில் இருத்திவிட்டுச் செல்லுங்கள். கொண்டுபோன நெகிழிப் புட்டியைக் கொண்டே திரும்புங்கள். திருமலையில் சாமுண்டப்பையின் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள். ஆரணியில் பட்டு வாங்கலாம். வாங்குமுன் ஒரு தறியின் அருகே அமர்ந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பேரம் பேசுவதா வேண்டாமா என்பதை அதன்பின் உங்கள் மனமே சொல்லும்.

அவர்கள் வந்தனர். நாற்பது பேர் ஒருங்கே நுழைய அந்த நெசவாளர் வீட்டில் இடமில்லை. ஐந்தைந்து பேராக நுழைந்தனர். அன்று முற்பகல் முழுதும் பெரியவருக்குத் தறியில் வேலை நின்றுவிட்டது. அதை உணர்ந்த பங்கு மக்கள், தமக்குள் பணம் திரட்டி ஒரு நாள் கூலியைத் தட்டில் வைத்து நீட்டினர். வாங்க மறுத்தவரை நாமும் சேர்ந்து வற்புறுத்தினோம். பள்ளி மாணவி ஒருத்தி அவர் பெயரைக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தெருவையும் வீட்டுக்கு வரும் வழியையும் எழுதினாள். எதற்கம்மா என்று கேட்டோம். "அடுத்த வருசம் எங்க ஸ்கூல்ல டூர் வருவோம் ஃபாதர். டீச்சர்கிட்ட குடுப்பேன்" என்றாள்.

கண்டு மகிழ நம் ஊரில் என்ன இருக்கிறது என்ற வினாவுக்கு ஊர்தோறும் விடை உண்டு. மலையும் ஆறும் கல்வெட்டும் தறியும் இல்லாத ஊரிலும், எதையேனும் தன் கையால் செய்து வாழும் மனிதர் இருப்பர். எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவர், வழியில் கூட நடந்தவர் யாரென்று அறியாதிருந்து, தங்கள் பந்தியில் அவர் அமர்ந்தபோதே கண் திறக்கப் பெற்றனர். வழிப்போக்கரான நாமும் சற்று அமர்ந்தால்தான் காண்போம். கண்டபின் எழுந்து நடக்கும்போது, சந்தியில் சிறிது குனிந்து, பின்னால் வருபவருக்காகப் புல்லை முடிந்து வைப்போம்.